கரண்டு போனால் யார் தூக்கிவிடுவது?

(அருப்புக்கோட்டையில் ஆலைத் தொழிலாளர்களும், திருச்சுழி வட்டார விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



லிப்டைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் சிலர் சிரிக்கிறீர்கள். சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. நம்முடையது வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தியும் மல்லியும் கம்பும் சோளமும். பெய்யாவிட்டால் சீமைக் கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுவது. இங்கே ஏறுவதற்கு மாடி எங்கே இருக்கிறது, லிப்ட் எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்கள்.

ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். கண்மாய் வற்றிய வருஷங்களில் நம் பிள்ளைகள் எங்கே போனார்கள்? சென்னைக்குப் போனார்கள், கோயம்புத்தூருக்குப் போனார்கள். அங்கே இருபது மாடிக் கட்டடத்துக்குச் செங்கல்லும் கலவையும் ஏற்றுகிறவன் யார்? கட்டி முடித்த பிறகு அதே வாசலில் நீலச் சட்டை போட்டு, இரவெல்லாம் கண் விழித்துக் காவல் இருப்பவன் யார்? பெரிய ஆஸ்பத்திரிகளில் நோயாளியைத் தள்ளுவண்டியில் வைத்து மேல்மாடிக்குக் கொண்டு போகிற ஒப்பந்தத் தொழிலாளி யார்? நம் ஊர் ஆள்தான்.

நமக்கே உடம்புக்கு வந்தாலும் அதே கதைதான். மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும், 2022-ல் விருதுநகரில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனாலும், மாடி மேல் மாடி. சென்னையில் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஏழை ஜனங்களைப் பெரும்பாக்கத்தில் ஏழெட்டு மாடிக் குடியிருப்புகளில் கொண்டு வைத்திருக்கிறார்கள். அங்கே லிப்ட் நின்றுபோனால் தண்ணீர்க் குடத்தோடு படியேறுவது கூலிக்காரப் பெண்கள்தான். ஆகவே லிப்ட் பணக்காரன் சமாசாரம் என்று தள்ளிவிட முடியாது. லிப்டில் ஏறினாலும் நாம் இருக்கிறோம். அதைக் கட்டினாலும், காவல் காத்தாலும் நாம்தான் இருக்கிறோம்.

அந்த லிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால் என்ன ஆகிறது, என்ன ஆகவேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

ஏற்றமும் லிப்டும்

லிப்ட் என்பது பெரிய மந்திரமல்ல. கிணற்றில் கை ஏற்றம் இறைத்த பெரியவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். ஏற்றத்தின் ஒரு முனையில் சால் தொங்கும். மறுமுனையில் ஒரு கல்லைக் கட்டியிருப்பார்கள். ஏன்? நிறைந்த சாலின் பாரத்தில் ஒரு பகுதியை அந்தக் கல்லே தூக்கிவிடும். மீதியை மட்டும் மனிதன் தூக்கினால் போதும்.

லிப்டிலும் அதே கணக்குத்தான். மேலே ஒரு உருளை. அதன்மேல் எஃகு வடங்கள். ஒரு பக்கம் ஆள் ஏறும் கூண்டு. மறுபக்கம் இரும்புப் பாரம். கூண்டின் எடையோடு, அது ஏற்றக்கூடிய முழுச் சுமையில் ஏறத்தாழப் பாதியையும் சேர்த்து அந்த எதிர்ப்பாரத்தை வைக்கிறார்கள். எனவே மோட்டார் இழுக்க வேண்டியது இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான்.

கரண்டு போனதும் லிப்ட் தடாலென்று கீழே விழும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி விழாது. அதன் பிரேக்கைத் திறந்து வைத்திருப்பதே கரண்டுதான். கரண்டு நின்றால் வில் விசை பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வடமும் ஒன்றல்ல, பல. வேகம் மிஞ்சினால் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கியும் கூண்டின் அடியில் இருக்கிறது. 1854-ல் நியூயார்க் கண்காட்சியில் எலிஷா ஓடிஸ் என்பவர் ஜனங்கள் பார்க்க மேடையில் ஏறி நின்று, வடத்தை வெட்டச் சொல்லி, இத்தகைய பிடிப்பு தாங்கும் என்று காட்டினார்.

அப்படியானால் ஆபத்து எங்கே இருக்கிறது? ஆபத்து நின்றுபோன பிறகு வருகிறது. கூண்டு இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கிறது. உள்ளே இருட்டு, புழுக்கம். உள்ளே இருப்பவர்கள் மூச்சு முட்டிச் செத்துவிடுவோம் என்று அஞ்சிக் கதவைப் பிளக்கிறார்கள். உண்மையில் கூண்டு காற்றுப் புகாத பெட்டியல்ல. காற்று வர வழி வைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் பதற்றத்தில் யார் யோசிப்பார்கள்? பாதிக் கதவில் நுழைந்து குதிக்கப் பார்க்கும்போது கால் நழுவினால், கீழே இருப்பது ஆழமான குழி. அல்லது பாதி உடம்பு வெளியே இருக்கும்போது கரண்டு திரும்பி வருகிறது. உயிர் போவது இப்படித்தான்.

இதயநோயாளி, கர்ப்பிணி, குழந்தை, ஆபரேஷனுக்குப் போகிறவர் உள்ளே இருந்தால் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.

மாற்று ஏற்பாடு என்ன?

முதலாவது, பாட்டரி. கரண்டு போனதும் தானே விழித்துக்கொண்டு, கூண்டை மெதுவாகப் பக்கத்து மாடிக்கு நகர்த்திக் கதவைத் திறந்துவிடும் கருவி இருக்கிறது. கூண்டு கனமா, எதிர்ப்பாரம் கனமா என்று பார்த்து, எந்தப் பக்கம் எளிதாக நகருமோ அந்தப் பக்கமே நகர்த்தும். ஏற்றத்துக் கல் கதைதான்! அதனால்தான் சின்ன பாட்டரியே இந்த வேலைக்குப் போதுகிறது. விளக்கு, மணி, வெளியே பேசும் கருவி இவற்றுக்கும் பாட்டரி வேண்டும்.

இரண்டாவது, டீசல் ஜெனரேட்டர். நெடுநேரம் கரண்டு இல்லாவிட்டாலும் லிப்ட் ஓட இது வேண்டும். ஆஸ்பத்திரிக்கு இது இல்லாமல் தீராது.

மூன்றாவது, மனிதன் கை. பல லிப்டுகளில் மேலே யந்திர அறை இருக்கிறது. அங்கே மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஒருவர் பிரேக்கை விடுவிக்க, மற்றொருவர் சக்கரத்தைக் கையால் சுற்றிக் கூண்டை மாடி மட்டத்துக்குக் கொண்டுவரலாம். ஸ்விட்சை அணைக்காமல் தொட்டால், கரண்டு திடீரென்று வரும்போது சக்கரமே ஆளை அடித்துப் போடும். ஒற்றை ஆள் செய்யும் வேலையுமல்ல. பழகாதவன் செய்யும் வேலையுமல்ல.

மேலே ஏறுகிறவனும் கீழே இறங்குகிறவனும்

தோழர்களே, லிப்ட் என்றால் மேலே போவது மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. பூமிக்குள் இறங்குகிற லிப்டும் உண்டு. கோலார் தங்கவயலுக்கு வட ஆற்காட்டுப் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாகப் போன தமிழ்த் தொழிலாளிகள் கூண்டில் ஏறித்தான் பூமிக்குள் இறங்கினார்கள். 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்! 1902-ல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் முதலில் போனது அந்தத் தங்கச் சுரங்கத்துக்குத்தான். பெங்களூர் நகருக்கே 1905-ல்தான் மின்விளக்கு வந்தது. தங்கம் எடுக்க அவ்வளவு அவசரம்! 2001-ல் அந்தச் சுரங்கங்களை மூடிவிட்டார்கள்.

சுரங்கத்தில் கரண்டு போனால் என்ன ஆகும் என்பதை 2012-ல் நாடு பார்த்தது. அந்த ஜூலை 30-ம் தேதி அதிகாலையில் வடக்கு மின்வலை விழுந்தது. மறுநாள் 31-ம் தேதி மத்தியானம் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று மின்வலைகளும் சேர்ந்து விழுந்தன. சுமார் 60 கோடி ஜனங்கள் வாழும் பிரதேசம் இருண்டது. ரயில்கள் நடுவழியில் நின்றன. மேற்கு வங்கத்தில் பர்துவான் ஜில்லா நிலக்கரிச் சுரங்கங்களில் சுமார் 200 தொழிலாளிகள் பூமிக்கடியில் அகப்பட்டுக்கொண்டார்கள். மேலே தூக்கும் கூண்டு நின்றுவிட்டது. நல்லவேளையாக உயிர்ச்சேதமின்றி அவர்கள் மேலே வந்து சேர்ந்தார்கள்.

அன்றைக்குத் தமிழ்நாடு தப்பியது. ஏன்? தென்னாட்டு மின்வலை அப்போது வடக்கோடு ஒன்றாக இணைக்கப்படவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ரெய்ச்சூர் - சோலாப்பூர் லைன் வழியாக இணைத்தார்கள். இப்போது நாடு முழுவதும் ஒரே வலை. இதில் நன்மை உண்டு. ஒரு பக்கம் பற்றாக்குறை வந்தால் மறுபக்கம் உதவும். ஆனால் ஒரு மூலையில் பெரும் பழுது வந்து, தடுத்து நிறுத்தும் ஏற்பாடுகளும் தவறினால், அது மற்ற மூலைகளுக்கும் பரவக்கூடும்.

இன்னொன்று கேளுங்கள். தென்னாப்பிரிக்காவில் பியாட்ரிக்ஸ் என்று ஒரு தங்கச் சுரங்கம். 2018 ஜனவரி 31-ம் தேதி இரவு புயல் வீசி, சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் லைன் அறுந்தது. 955 தொழிலாளிகள் உள்ளே! அங்கே மாற்று ஜெனரேட்டர் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் வேண்டிய நேரத்தில் அது கைவிட்டது. பிப்ரவரி 2-ம் தேதி காலையில், ஒரு முழு நாளுக்கும் மேல் கழிந்த பிறகுதான் அத்தனை பேரும் வெளியே வந்தார்கள். நீர் வற்றிச் சோர்ந்தவர்களும் இரத்தக் கொதிப்பு ஏறியவர்களுமாகச் சிலருக்குச் சிகிச்சை தர வேண்டியிருந்தது.

இதிலிருந்து நாம் என்ன படிக்கிறோம்? மாற்று யந்திரம் கொட்டகையில் நிற்கிறது என்று காட்டினால் போதாது. அது சுமையைத் தாங்கி ஓடுகிறதா என்று பார்த்துவைத்திருக்க வேண்டும். பிரேதப் பெட்டிக்கு எண்ணெய் போட்டு வைத்ததுபோல வருஷத்துக்கு ஒருமுறை துடைத்து வைக்கிற ஜெனரேட்டர் எந்த உயிரையும் காப்பாற்றாது.

நமக்குப் பக்கத்தில்

தூர தேசம் போக வேண்டாம். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது, அடையாற்றங்கரையில் இருந்த ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் தண்ணீர் புகுந்து ஜெனரேட்டர் நின்றது. தீவிர சிகிச்சையில் இருந்த நோயாளிகள் பலர் அந்த நாட்களில் மாண்டுபோனார்கள். ஆற்றங்கரையில் தாழ்வான இடத்தில் ஜெனரேட்டரை வைத்தால், வெள்ளம் வரும் நாளில் அதுதான் முதலில் மூழ்கும்.

2019 மே 7-ம் தேதி மாலை மதுரையில் மழையும் காற்றும். அரசு இராஜாஜி ஆஸ்பத்திரியில் கரண்டு போனது. அந்த நேரத்தில் செயற்கைச் சுவாசத்தில் இருந்த மூன்று நோயாளிகள் இறந்தார்கள். கரண்டு போனதால்தான் இறந்தார்கள் என்று உறவினர்கள் கதறினார்கள். அவர்கள் நிலைமை ஏற்கெனவே மோசமாக இருந்தது என்று ஆஸ்பத்திரி அதிகாரிகள் சொன்னார்கள். யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. ஆனால் மாற்று மின்சாரம் கணம் தவறாமல் வந்திருந்தால் அந்த வாதத்துக்கே இடமிருந்திருக்காது அல்லவா?

அது சுவாசக் கருவி, லிப்ட் இல்லையே என்று கேட்கலாம். ஒரே ஜெனரேட்டர்தான் தோழர்களே! சுவாசக் கருவிக்கு வராத கரண்டு, ஆபரேஷன் மாடிக்குப் போகும் லிப்டுக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

சட்டம் சொல்வதும் நடப்பதும்

தமிழ்நாட்டில் லிப்டுக்கு 1997-ல் ஒரு சட்டம் போட்டார்கள். லைசென்ஸ் இல்லாமல் லிப்ட் ஓட்டக்கூடாது. சர்க்கார் மின் ஆய்வாளர் பார்வையிட வேண்டும். தேசியக் கட்டட விதித் தொகுப்பு என்று ஒன்றும் இருக்கிறது. அதன் 2005-ம் ஆண்டுப் பதிப்பில், உயர்ந்த கட்டடங்களில் தீயணைப்பு வீரர்களுக்கான லிப்டைப் பற்றி என்ன எழுதியிருந்தது தெரியுமா? வழக்கமான கரண்டு போனால் தானாகவே மாற்று மின்சாரத்துக்கு மாறவேண்டும். ஆனால் குடியிருப்புக் கட்டடமானால், கையால் போடும் ஸ்விட்ச் மூலம் மாற்றிக்கொள்ளலாம். அதுவும் இல்லாவிட்டால், கரண்டு போனதும் லிப்ட் தரைத்தளத்துக்கு வந்து கதவு திறந்து நிற்கும்படி அமைக்க வேண்டும்.

'கையால் போடும் ஸ்விட்ச்' என்று எழுதுவது சுலபம். அந்தக் கை யாருடைய கை? நடுராத்திரி இரண்டு மணிக்குக் கரண்டு போகிறது. லிப்டில் ஒரு குடும்பம் மாட்டிக்கொள்கிறது. ஓடி வருவது காவலாளிதான். அவருக்கு வயது ஐம்பத்தைந்து, அறுபது இருக்கும். பகலில் ஒரு இடத்தில் வேலை, இரவில் இன்னொரு இடத்தில் காவல். ஏஜெண்டு பிடித்தது போக மீதி சம்பளம். யந்திர அறையின் சாவி அவரிடம் இல்லை. செயலாளர் வீட்டில் இருக்கிறது. பிரேக் எது, சக்கரம் எது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. துணைக்கு இரண்டாவது ஆளும் இல்லை. உள்ளே இருப்பவர்கள் கதவைத் தட்டி அலறுகிறார்கள். அவர் கம்பியால் கதவை நெம்புகிறார். அசம்பாவிதம் நடந்தால் மறுநாள் போலீஸ் யாரைக் கேட்கும்? அவரைத்தான்!

ஆலையிலும் இதே கணக்கைப் பாருங்கள். ஸ்பின்னிங்கில் சைடு பார்க்கும் தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கரண்டு ஒரு நொடி போனாலும் இழைகள் அறுந்து தொங்கும். மறுபடி ஒட்டி முடிக்க விரல் நோகும். உற்பத்தி நஷ்டமாகிறது. ஆகவே முதலாளி கதிர்களுக்கு ஜெனரேட்டர் வைக்கிறார். 2012-ல் சென்னைக்கு இரண்டு மணி நேரம் மின்வெட்டு; வெளி மாவட்டங்களில் நமக்கோ நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல். அந்தக் காலத்தில் டீசல் எரித்து ஆலையை ஓட்டியவர்கள் எத்தனையோ பேர். நூல் அறுந்தால் நஷ்டக் கணக்கில் ஏறுகிறது. ஆனால் கரண்டு போனபோது சரக்கு லிப்டில் ஒரு ஆள் நடுவில் நின்றால் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. சரக்கு லிப்டில் ஆள் ஏறக்கூடாது என்று போர்டு தொங்கும். மூட்டையோடு ஏறு என்று மேஸ்திரி விரட்டுவார். அந்த லிப்டில் மணி அடிக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று யார் பார்த்தது?

இதற்கு யந்திரத்தைக் குறை சொல்லக்கூடாது. யந்திரம் நமக்குப் பகையல்ல. தலையில் செங்கல் கூடையோடு பத்து மாடி ஏறிய பெண்ணுக்கு லிப்ட் வந்தது விடுதலைதான். செலவைப் போடுகிறவர் எதற்குப் போடுகிறார், எதற்குப் போட மறுக்கிறார் என்பதே கேள்வி. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டும் கட்டடத்தில் ஒரு பாட்டரியின் செலவு எந்த மூலைக்கு?

மின்சாரமும் நம் பூமியில்தான் உற்பத்தியாகிறது. திருச்சுழிக்குப் பக்கத்துத் தாலுகாவான கமுதியில் அதானி கம்பெனி 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைத்தது. சுமார் 2500 ஏக்கர். நம் தலையில் அடிக்கிற வெயில்தான் அங்கே கரண்டாகிறது. ஆனால் வெயில் சாய்ந்தால் சூரிய மின்சாரமும் சாய்ந்துவிடும். சேமித்து வைத்தால்தான் இரவுக்கு உதவும். ஒரு லிப்டுக்கு வைக்கும் சின்ன பாட்டரியும் அதே பாடத்தைத்தான் சொல்கிறது: இருக்கும்போது சேர்த்து வை, இல்லாதபோது எடுத்துக் கொடு. கண்மாய் கட்டிய நம் முன்னோர்களுக்குத் தெரியாத பாடமா இது?

நாம் கேட்க வேண்டியவை

முதலாவதாக, ஜனங்களும் தொழிலாளிகளும் ஏறும் ஒவ்வொரு லிப்டிலும், கரண்டு போனால் பக்கத்து மாடியில் சேர்க்கும் பாட்டரிக் கருவி வேண்டும். ஆஸ்பத்திரியிலும், பெரும்பாக்கம் போன்ற ஏழைக் குடியிருப்புகளிலும் சர்க்கார் இதை முதலில் செய்யவேண்டும். ஆலையின் சரக்கு லிப்டும், கட்டட வேலையில் ஆள் ஏற்றும் லிப்டும் இதில் விடுபடக்கூடாது. அங்கே ஏறுகிறவன் உயிரும் உயிர்தான்.

இரண்டாவதாக, ஜெனரேட்டரை வாரம் ஒருமுறை சுமையோடு ஓட்டிப் பார்க்கவேண்டும். பாட்டரிக்கும் ஆயுள் உண்டு. இரண்டு மூன்று வருஷத்தில் சத்து போய்விடும். ஓட்டிப் பார்த்த தேதியை ஒரு நோட்டில் எழுதி எல்லோரும் பார்க்கும்படி தொங்கவிடவேண்டும். தண்ணீர் ஏறாத மேட்டில் ஜெனரேட்டரை வைக்கவேண்டும்.

மூன்றாவதாக, காவலாளிக்கும் லிப்ட் ஓட்டுநருக்கும் முறையான பயிற்சி தரவேண்டும். சாவி அவர்கள் கைக்கு எட்டவேண்டும். இரவில் ஒற்றை ஆளைப் போட்டுவிட்டு உயிர்ப் பொறுப்பை அவர் தலையில் கட்டுவது அநியாயம். பொறுப்பைக் கொடுத்தால் அதற்குரிய கூலியையும் கொடுக்கவேண்டும்.

வெளியூரில் வேலை பார்க்கும் உங்கள் பிள்ளைகளுக்கு இன்றைக்கே போன் போட்டு இதைச் சொல்லுங்கள். உள்ளே மாட்டிக்கொண்டால் மணியை அடி, சத்தம் கொடு, கதவை நெம்பாதே, குதிக்காதே, உட்கார்ந்துகொள். வெளியே காவலில் இருந்தால் முதலில் உள்ளே இருப்பவரோடு பேசு. ஆள் வருகிறது என்று தைரியம் சொல். கூண்டு மாடி மட்டத்தில் நிற்கிறதா என்று தெரியாமல் கதவைத் திறக்காதே. பழகாத யந்திரத்தில் கை வைக்காதே. லிப்ட் கம்பெனிக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் உடனே சொல்.

ஆலைத் தோழர்களே, நாளைக் காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் ஆலையில் சரக்கு லிப்ட் இருந்தால், கரண்டு இல்லாதபோது அதன் மணி அடிக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். இல்லையென்றால் சங்கத்தில் எழுதிக் கொடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், ஜெனரேட்டர் ஓட்டிப் பார்த்த நோட்டு எங்கே என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் விரட்டுவார்கள். நூறு பேர் கேட்டால் நோட்டு வரும்.